சந்தனம் பூசிய டிஸ்க்

ஒரு சனிக்கிழமை காலை, கெபெக் மாகாணத்துப் புரோசார்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில், வர்ணத்துக்கு நடுவே பாட்டு ஒரு கணம் நின்றது. நின்றது என்று சொல்வதும் சரியில்லை. பாடுகிறவர் மூச்சு வாங்கியது போல ஒரு சிறிய இடைவெளி. பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. ஆடிக்கொண்டிருந்த பெண் தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறி, அடுத்த தாளத்தில் வந்து சேர்ந்துகொண்டாள்.

"வயர் லூஸ்," என்றார் நடனம் சொல்லிக்கொடுக்கும் ரீச்சர்.

வயர் இல்லை என்று எனக்குத் தெரியும். இடைவெளிக்குச் சற்று முன்னால் மேசைமேல் இருந்த கறுப்புப் பெட்டியிலிருந்து ஒரு 'டிக்' வந்தது. அது ஹார்ட் டிஸ்க் இருக்கும் பெட்டி. நடனப் பாட்டுகள் முழுவதும் அதற்குள்தான் இருந்தன. ஆனாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறப்பது எனக்குச் சுலபமான காரியம் இல்லை. வயரைக் கழற்றி மறுபடியும் மாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

நான் அந்த வகுப்பின் ஒலி அமைப்பைப் பார்த்துக்கொள்கிறவன். என் மகள் அங்கே நடனம் பழக வந்த காலத்தில், யாரோ ஸ்பீக்கரைத் தூக்க உதவி கேட்டார்கள், தூக்கினேன். மகள் சில வருடங்களில் நடனத்தை விட்டுவிட்டாள். நான் விடவில்லை. மேடைக்குப் பக்கத்தில், ஒலி மேசைக்குப் பின்னால் இருப்பவனிடம் யாரும் அதிகம் கதைக்க மாட்டார்கள். அந்த இடம் எனக்குப் பிடித்துவிட்டது. பிள்ளைகளின் தாய்மார் என்னை 'சவுண்ட் அண்ணை' என்பார்கள். அதைக் கேட்டு, என்னைவிட மூத்தவரான ரீச்சரும், சென்னைக்காரராக இருந்தும், கிண்டலாக எங்கள் பேச்சிலேயே அப்படிக் கூப்பிடத் தொடங்கினார்.

பாட்டுகளைப் பாடியிருந்தவர் ரீச்சரின் கணவர். பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 'சார்' என்பதை எங்கள் வழக்கில் 'சேர்' என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். மனைவியின் மாணவிகளுக்காகப் பல வருடங்கள் பாடிவந்தார். பிறகு பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று. பேச்சில் 'சரி', 'இல்ல' என்ற இரண்டு சொற்கள் மட்டும் மிஞ்சின. அவர் பாட முடிந்த காலத்தில் பதிவு செய்தவை அந்தப் பெட்டியில் இருந்தன. அன்று ஆடிய பெண் நவம்பரில் அரங்கேற்றம் செய்யவிருந்தாள்; அவளுக்கான பாட்டுகளும் அவற்றோடுதான் இருந்தன. பெட்டி போனால் அவள் ஆடப் பாட்டு இல்லை. திரும்பப் பாடவும் ஆள் இல்லை.

அந்த 'டிக்' என் தலையைவிட்டுப் போகவில்லை. பயத்தைவிட அது என்ன என்று அறியும் ஆசைதான் கூடுதலாக இருந்தது. நான் வேலை செய்வது பாண், அதாவது ரொட்டி, செய்யும் ஒரு தொழிற்சாலையில். அங்கே ஓடும் பெல்ட்டுகளில் ஏதாவது பழுதாகும் முன்பு சத்தம் மாறும். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு கெபெக்காரர். நீளமான திருப்புளியின் நுனியை மெஷினில் வைத்து, கைப்பிடியைத் தன் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். எந்த பெயரிங் தேய்ந்திருக்கிறது என்று அப்படியே சொல்லிவிடுவார். என்னையும் ஒருமுறை கேட்கவிட்டார். இரும்புக்குள் மணல் உருள்வது போல இருந்தது. ஒரு டிஸ்க்குக்குள் என்ன கேட்கும்?

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரில் தேடினேன். பழுதாகிக்கொண்டிருக்கும் டிஸ்க்குகளின் சத்தங்களைப் பதிவு செய்து சேர்த்து வைத்திருக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். இது எனக்கு ஒரு பெரிய ஆச்சரியம். ஒன்று கடிகாரம் போல ஒரே சீராக அடிக்கிறது. ஒன்று கதவின் கீழ் மாட்டிக்கொண்ட கூழாங்கல் போல உரசுகிறது. இன்னொன்று சுற்றத் தொடங்கி, மனம் மாறியது போல அடங்கி, மறுபடியும் தொடங்குகிறது. ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

மனைவி சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, காலமை துவக்கம் வொஷிங் மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறியள்?"

"இது வொஷிங் மெஷின் இல்லை. பழுதாப் போற ஹாட் டிஸ்க்."

"எங்கட வொஷிங் மெஷினும் ஒரு மாசமாச் சத்தம் போடுது. அதை ஒருத்தரும் கேக்கேல்லை."

"பேந்து பாக்கிறன்."

"அதையும் ஒருக்கா இன்டர்நெட்டில போட்டு விடுங்கோ. அப்பவாவது கேப்பியள்."

சத்தங்களைவிட அதிசயமான இன்னொன்றையும் அன்று அறிந்தேன். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடம்பைப் பற்றித் தானே குறித்து வைத்துக்கொள்கிறதாம். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை தரம் எழும்பியது, எவ்வளவு சூடானது, தட்டில் எத்தனை இடம் கெட்டுப்போய் அங்கிருந்ததை வேறு இடத்துக்கு மாற்றியது, இன்னும் எத்தனை இடங்களில் சந்தேகம் இருக்கிறது என்று அதன் கையில் கணக்கு இருக்கிறது. ஆனால் அதுவாக வாய் திறக்காது. அதற்கென்று உள்ள ஒரு சிறிய புரோகிராமைப் போட்டுக் கேட்டால்தான் சொல்லும். நோவை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறவர்களை எனக்குத் தெரியும். நானும் அந்தச் சாதிதான். அதனால் அந்த டிஸ்க்கின் மேல் எனக்கு ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது.

முதலில் அந்தப் புரோகிராமை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு, அதன் டிஸ்க்கைக் கேட்டுப் பார்த்தேன். நீல நிறத்தில் 'நலம்' என்று வந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ரீச்சருக்கு டெலிபோன் எடுக்க வேண்டும். என்ன சொல்வது என்று முதலே சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் எடுத்தேன். அவர் குரல் கேட்டதும் அத்தனையும் மறந்துபோனது.

"ரீச்சர், அந்த ஹாட் டிஸ்க்கை ஒருக்கா செக் பண்ணிப் பாப்பமோ எண்டு..."

"ஏன், அதுக்கு என்ன?"

"ஒண்டும் இல்லை. ஒரு சத்தம் கேட்டது."

"சத்தம் கேக்கலைன்னாதானே சவுண்ட் அண்ணை ஃபோன் பண்ணணும்?"

நான் சிரித்தேன். பிறகு, வேறு எங்காவது இன்னொரு பிரதி இருக்கிறதா என்று கேட்டேன்.

"எல்லாம் அதுலதான் இருக்கு. பழைய லேப்டாப் போனப்ப அவர்தான் உக்காந்து மாத்தினார். பத்து இடத்துல இருந்தாத்தான் தொலையும், ஒரே இடத்துல வெச்சுப் பத்திரமா பாத்துக்கோன்னார். பொண்ணுங்க ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணது இருக்கும். ஆனா அதுல பாட்டைவிடக் கால் சத்தம்தான் ஜாஸ்தி. நீங்க புதன்கிழமை சாயங்காலம் வாங்க. சுண்டலும் சாப்பிட்டுப் போகலாம்."

புதன்கிழமை சரஸ்வதி பூசை. அது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் மனைவி கும்பம் வைத்திருந்தாள். டிஸ்க்கும் பூசையில் இருக்கும் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

ரீச்சர் வீட்டு வரவேற்பறையில் கொலு வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் கொலு அவ்வளவாக இல்லை. அவர் வீட்டில்தான் நான் முதலில் பார்த்தேன். மேல்படியில் சாமிகள். கீழ்ப்படியில் செட்டியாரும் அவர் மனைவியும். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் ஹாக்கி வீரரும் ஒரு பனிமனிதனும். கடைசிப் படிக்கு முன்னால் சலங்கைகள், தாளங்கள், புத்தகங்கள். அவற்றின் மேல் அந்தக் கறுப்புப் பெட்டி. அதன் முகம் முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ஒரு மஞ்சள் செவ்வந்திப் பூ.

"இன்னைக்கு அதைத் தொடக்கூடாது," என்றார் ரீச்சர். "நாளைக்குக் காலம்பர புனர்பூஜை பண்ணிட்டுத் தரேன்."

"ரீச்சர், அதுக்குள்ள பழுதாப் போச்சுதெண்டா..."

"ஓடினாத்தானே பழுதாகும்? சும்மா உக்காந்திருக்கு. என் சலங்கையும் சும்மாதான் இருக்கு. வருஷத்துல இந்த ஒரு நாள்தான் என் முட்டிக்கு லீவு. அதுக்கும் லீவு விடுங்க."

அவர் சொன்னது சரி. ஓடாத டிஸ்க் தேயாது. ஆனால் பழைய டிஸ்க் ஓய்ந்து கிடந்தபின் சில வேளைகளில் எழும்பாமலே போய்விடும் என்றும் நான் படித்திருந்தேன். அதை அங்கே, விளக்குக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை. மூலையில் சாய்வு நாற்காலியில் அவர் கணவர் இடது கையால் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, "சரி," என்றார். நானும் ஒரு கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பேசாமல் பக்கத்தில் இருப்பதற்கு அவரைப் போல வசதியான ஆள் வேறு இல்லை.

மறுநாள், வேலையில் மாலை ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டு, காலையிலேயே போனேன். ரயில் ஆற்றைக் கடக்கும்போது மடியில் என் லேப்டாப்பும், வெறுமையான ஒரு புது டிஸ்க்கும் இருந்தன. ரீச்சர் கற்பூரம் காட்டினார். பூசை முடிந்ததற்கு அடையாளமாக, அதில் வைத்தவற்றைக் கொஞ்சம் வடக்காக நகர்த்தினார். பிறகு பெட்டியை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் தந்தார். எனக்கு எப்படி வாங்குவது என்று தெரியவில்லை. நானும் இரண்டு கையையும் நீட்டினேன்.

சாப்பாட்டு மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். ரீச்சரும் அவர் கணவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். உள்ளே ஏதோ மெல்ல எழும்பிச் சுற்றத் தொடங்கியது. ஒரு பென்சிலின் கூர்முனையைப் பெட்டியில் வைத்து, மற்ற முனையைக் காதில் வைத்துக்கொண்டேன்.

"என்ன டாக்டர், பையனா பொண்ணா?" என்றார் ரீச்சர்.

நான் நினைத்ததைவிட அழகான சத்தம் அது. நீளமான, ஒரே சுருதியில் நிற்கும் இரைச்சல். அதன்மேல் மெல்லிய தத்தல்கள். நடுவில் எப்போதாவது அந்த 'டிக்'. பென்சிலை ரீச்சரிடம் கொடுத்தேன். அவர் கேட்டுவிட்டு, "தம்புரா மாதிரி இருக்கே," என்றார். கணவரின் காதிலும் வைத்தார். அவர் கேட்டார். பிறகு இடது கையைப் பெட்டியின்மேல் வைத்து, சட்டென்று எடுத்தார்.

"இல்ல," என்றார்.

நானும் தொட்டேன். சோற்றுப் பானையின் மூடி போலச் சூடாக இருந்தது. தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ரீச்சரின் கணவர் பெட்டியைத் திருப்பி, பக்கவாட்டில் ஓரிடத்தை நகத்தால் சுரண்டினார். மஞ்சள் தூள் உதிர்ந்தது. அதன் கீழே ஒரு சிறிய துவாரம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. காற்றுப் போவதற்காக வரிசையாக விட்டிருந்த துவாரங்கள் அவை. ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் பூசிய சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்து, அடுத்த வருடச் சந்தனம் அதன்மேல் ஏறி, எல்லாவற்றையும் சுண்ணாம்பு போல அடைத்திருந்தது. நான் அந்தப் பெட்டியை எத்தனையோ தரம் தூக்கியிருக்கிறேன். அந்தப் பக்கத்தின் நிறமே மஞ்சள் என்று நினைத்திருந்தேன்.

ரீச்சர் அடைபட்ட துவாரங்களை விரலால் தடவினார்.

"வருஷா வருஷம் நான்தான் இதுக்கு மூக்கை அடைச்சிருக்கேன்," என்றார். "சாமி கும்பிட்டுக் கும்பிட்டே கொன்னுட்டேன்."

"இன்னும் சாகேல்லை ரீச்சர்," என்றேன்.

அதன் கணக்கைத் திறந்து பார்த்தேன். மஞ்சள் எழுத்தில் 'எச்சரிக்கை' என்று வந்தது. சூடு மிகக் கூடுதல். கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள் நிறைய. சந்தேகத்தில் இருந்த இடங்களும் இருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த எண் ஒன்று கூடியது. பல நாட்களாக ஊகித்துக்கொண்டிருந்தது கண்முன்னால் எண்ணாக மாறியது. முழுத் தட்டையும் ஓரம் முதல் ஓரம் வரை பரிசோதிக்கும் ஒரு பொத்தானும் அங்கே இருந்தது. அதை அழுத்தினால் எங்கே நல்ல இடம், எங்கே கெட்ட இடம் என்று படம் போலக் காட்டும். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. என் விரல் அதற்குப் பக்கத்தில்தான் நின்றது.

"அதை அழுத்தினா என்ன ஆகும்?" என்றார் ரீச்சர்.

"எவ்வளவு பழுது எண்டு முழுசாத் தெரிய வரும். ஆனா ஓடி ஓடி இடையில நிண்டாலும் நிண்டிடும்."

"அப்ப பாட்டு வருமா?"

"வராது."

"அப்ப பாட்டை எடுங்க. பழுதைப் பேந்து பாக்கலாம்."

'பிறகு' என்பதை எங்கள் பேச்சில் 'பேந்து' என்று அவர் சொன்னது என்னைக் கிண்டல் செய்யத்தான். ஆனால் குரல் சிரிக்கவில்லை.

சந்தனத்தைப் பல்குத்தும் குச்சியால் கிளறி எடுத்தோம். குளிர்காலத்துக்காக அலமாரியில் கட்டி வைத்திருந்த மேசை மின்விசிறியை ரீச்சர் கொண்டுவந்து பெட்டிக்கு நேரே வைத்தார். வீட்டில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஹீட்டருக்கும் மின்விசிறிக்கும் நடுவே நாங்கள் இருந்தோம். ரீச்சர் தன் கணவரின் மடியில் ஒரு சால்வை போட்டுவிட்டார்.

"எதை முதல்ல எடுக்கிறது, ரீச்சர்? எவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்கும் எண்டு சொல்ல ஏலாது."

அவர் திரையைப் பார்த்தார். அரங்கேற்றப் பெண்ணின் பாட்டுகள் ஒரு தொகுப்பாக இருந்தன. பழைய மாணவிகளுடையவை வேறு வேறாக இருந்தன. கடைசியில் 'வீடு' என்று ஒன்று. அதில் கணவர் காலை வேளைகளில் தனக்காகப் பாடியதும், பாடும்போது இடையில் ரீச்சரோடு சண்டை பிடித்ததும் இருப்பதாகச் சொன்னார். சொல்லும்போது அவர் கண் அதைவிட்டு அசையவில்லை.

"அந்தப் பொண்ணோடது முதல்ல," என்றார். "அவ அம்மா ஹாலுக்கு எல்லாம் சொல்லிட்டா. அப்பறம் மத்த பொண்ணுங்களோடது. வீடு கடைசியில." பிறகு கணவர் பக்கம் திரும்பி, "என்ன?" என்றார்.

"சரி," என்றார் அவர்.

அப்படியே செய்தோம். புஷ்பாஞ்சலி வந்தது. ஜதிஸ்வரம் வந்தது. வர்ணத்தில் நின்றது. டிக், டிக் என்று ஒரே இடத்தில் தட்டிக்கொண்டிருந்தது. நிறுத்தி ஆறவைத்துவிட்டு, படிக்க முடியாத இடத்தைத் தாண்டிக்கொண்டு மிச்சத்தை எடுக்கும் வழியில் மறுபடியும் தொடங்கினேன். வந்தது. அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாக ஓடியது. பழைய மாணவிகளின் பாட்டுகள் வந்துவிட்டன. 'வீடு' பாதி வந்தபோது அந்த நீளமான இரைச்சல் இறங்கி, இறங்கி, அடங்கிப்போனது. மறுபடியும் மின்சாரம் கொடுத்தேன். எழும்பவில்லை. பென்சிலை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

நான் தலையைத் தூக்கவில்லை. ரீச்சர் எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். என் முன்னால் டம்ளரை வைத்துவிட்டு, "பாதி சண்டை வந்துடுச்சில்ல," என்றார். "மீதியை நான் ஞாபகம் வெச்சுக்கறேன்."

வர்ணத்தைப் போட்டுக் கேட்டோம். சரணத்தில் ஓரிடத்தில் குரல் அறுந்து, வெறுமை வந்து, சற்றுக் கழித்துக் குரல் மீண்டும் தொடங்கியது. அந்தப் பெண்ணிடமிருந்து அவளுடைய ஃபோன் பதிவை வாங்கி, அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒட்டிப் பார்த்தேன்.

"நடுவுல பாத்ரூமுக்குள்ள போய் பாடிட்டு வர மாதிரி இருக்கு," என்றார் ரீச்சர்.

அதை எடுத்துவிட்டு மறுபடியும் போட்டேன். இந்தத் தரம் நான் அவர் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு தொடங்கியதிலிருந்து அவருடைய இடது கை நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. குரல் அறுந்த இடத்தில் கை நிற்கவில்லை. தட்டு, விரல், விரல் என்று ஒன்றுமில்லாத அந்த இடத்தினூடாகவே போனது. அவருடைய சொந்தக் குரல் திரும்பி வந்தபோது கை சரியாக அதன்மேல் விழுந்தது.

ரீச்சரும் அதைப் பார்த்திருந்தார். "இன்னொரு தடவை போடுங்க," என்றார். போட்டேன். இப்போது அவர் தாளத்தைக் கையில் எடுத்து, குரல் இல்லாத இடத்தில் ஜதி சொன்னார். முதல் தரம் கொஞ்சம் முந்திவிட்டார்.

"இல்ல," என்றார் கணவர்.

"தெரியும், தெரியும். இன்னும் அதே சண்டை." மறுபடியும் செய்தார்.

"சரி."

நவம்பரில் அரங்கேற்றம் நடந்தது. ரீச்சர் மேடையின் ஓரத்தில் தாளத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் என் மேசைக்குப் பின்னால் இருந்தேன். பாட்டு புது டிஸ்க்கிலிருந்து போனது. அதன் பிரதி ஒன்று என் லேப்டாப்பிலும், இன்னொன்று என் சட்டைப் பையிலும் இருந்தது. சரணம் வந்தது. குரல் அறுவதற்கு முன்பே நான் சத்தத்தை மெல்ல இறக்கினேன். ரீச்சரின் ஜதி எழும்பியது. அந்தப் பெண் அதற்கு ஆடினாள். முன்வரிசையில் அவர் கணவரின் தலையின் பின்பக்கம்தான் எனக்குத் தெரிந்தது. எப்போது ஏற்றுவது என்று அவருடைய இடது தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் அசைந்தது, ஏற்றினேன். குரல் வந்தது.

நிகழ்ச்சி முடிந்து நான் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணின் தாய் என்னிடம் வந்தார்.

"சவுண்ட் அண்ணை, வர்ணத்தில பாட்டை நிப்பாட்டிப்போட்டு ஜதி மட்டும் விட்ட இடம் நல்ல வடிவா இருந்தது. அது ரீச்சர் புதுசாப் போட்டதோ?"

"ஓம்," என்றேன். "ரீச்சரும் சேரும் சேந்து போட்டவை."